பாலிதீன் கழற்றாத சீட்டு

அத்தியாயம் 9

குடும்ப வண்டி என்று விளம்பரம் சொன்னது. குடும்பம் எங்கே என்று சொல்லவில்லை.

தலவாக்கலையிலிருந்து மூன்று மைல் மேலே, வெள்ளிமலைத் தோட்டத்தின் கடைசி வளைவில் இருந்த வீட்டு முற்றத்தில், சாம்பல் நிறக் கிராஸ்ஓவர் ஒன்று கழுவித் துடைத்து நின்றது. அதற்கு அடியில் டோர்ச்சும் கையுமாக மல்லாந்து கிடந்தாள் நிரூபா. மத்தியானம் இரண்டு மணிதான். ஆனால் பனி இறங்கி, எதிர் மலை பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தது.

நிரூபாவுக்கு நாற்பத்தொரு வயது. சாவகச்சேரிக்காரி. விபத்தில் சிக்கிய வாகனங்களை மதிப்பிடும் வேலையில் பதினாறு வருடம் இருந்துவிட்டு, ஏழு மாதத்துக்கு முன் ஹட்டனில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் சொந்தமாகப் பலகை மாட்டியிருந்தாள்: 'பழைய வாகனம் வாங்கமுன் எங்களைக் கேளுங்கள்.' ஏன் வந்தாள் என்பது இங்கே வேண்டாத கதை. வந்த நாளிலிருந்து ஒரு சாயங்காலம்கூட அவளோடு இருந்து தேநீர் குடிக்க யாரும் வரவில்லை. அதை அவள் யாரிடமும் சொன்னதும் இல்லை.

"மெடம், கீழ ஏதாச்சும் தெரியுதுங்களா? இல்ல, படுத்த வாக்குல தூங்கிட்டீங்களா?"

கேட்டவர் பழனியாண்டி. நோர்வூட்காரர், ஐம்பத்தேழு வயது, சொந்த ஆட்டோ. அவளை ஏற்றி இறக்கத் தொடங்கிய மூன்றாம் வாரமே தன்னைத் தானே உதவியாளராக நியமித்துக்கொண்டவர். அவருக்குத் தெரியாத ஒரே வேலை வாயை மூடுவது.

"துரு இல்லை. சேஸி நேராக் கிடக்கு. நீங்கள் உள்ளுக்குப் பாருங்கோ, அண்ணை."

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. "டிரைவர் சீட்டு தேஞ்சு கெடக்கு. மத்த சீட்டுல எல்லாம் புது கவரு, கவருக்கு மேல பாலிதீன்கூட கழட்டல. பேமிலி வண்டிங்கிறாங்க. வண்டி வந்து சேந்துருச்சு, பேமிலி இன்னும் டெலிவரி ஆகல போல."

"மெதுவாக் கதையுங்கோ. அவர் நிக்கிறார்."

அவர் பத்தடி தள்ளி, கையில் சாவியோடு நின்றார். செல்லசாமி. அந்தத் தோட்டத்தில் முப்பத்துநாலு வருடம் கண்டாக்காக, அதாவது மலையில் வேலையை மேற்பார்வை பார்க்கும் உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டிருந்தார். பின்னால் வீட்டின் எல்லா ஜன்னலும் சாத்திக் கிடந்தது, குசினி ஜன்னல் ஒன்றைத் தவிர.

நிரூபா வெளியே வந்து மீட்டரைப் பார்த்தாள். இரண்டு வருடத்துக்கு முன் வாங்கிய பத்திரத்தில் 41,200 கிலோமீட்டர். இப்போது 42,310.

"ரெண்டு வருசத்துல ஆயிரத்து நூறா!" என்று பழனியாண்டி முணுமுணுத்தார். "என் ஆட்டோ ஓரமா நின்னாலே அதவிட கூட ஓடும்."

"அதுதான் பிரச்சினை. ஓடாத வாகனத்தில டிரைவர் கதவு மட்டும் ஏன் இவ்வளவு தளர்ந்து கிடக்கு? நூற்றுக்கணக்கான தரம் திறந்து மூடின கதவு இது."

முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் பொருந்தும் இடுக்கில் விரலை விட்டாள். காய்ந்து கறுத்த தேயிலைக் கொழுந்து வந்தது. ஓரிரு இலை அல்ல. கைப்பிடி அளவு. பிறகு ஸ்டூல் போட்டு ஏறிக் கூரையைப் பார்த்தாள். ஓட்டுநர் பக்க விளிம்பில் கீறல்கள். எண்ணிப் பார்த்தால் முப்பதுக்குக் குறையாது. கைத்தொலைபேசியில் படம் எடுத்தாள்.

"ஐயா, கூரையில கீறல் எப்பிடி வந்தது?"

செல்லசாமி மலைப்பக்கம் பார்த்தார். "அது… பழைய கீறல்ங்கம்மா."

நிரூபா மேலே கேட்கவில்லை. மனதுக்குள் குறித்துக்கொண்டாள். அவள் மனதில் இன்னொன்றும் ஓடிக்கொண்டிருந்தது. நோர்வூட் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் புனிதவதிக்குத்தான் இந்த வண்டி. ஏழு மாதக் கர்ப்பிணி. கணவன் கட்டாரில். ஐந்தாம் மாதம் ரத்தம் பட்ட அன்று ஒரு மணித்தியாலம் வாகனம் கிடைக்காமல் வாசலில் உட்கார்ந்திருந்தவள், அன்றைக்கே முடிவெடுத்துவிட்டாள், தானே ஓட்டிப் போக ஒரு வண்டி வேண்டும் என்று. ஹட்டனில் ஒரு வெள்ளை வண்டி இருந்தது. அதை நிரூபா நேற்றுப் பார்த்தாள். விபத்தில் உயிர்காக்கும் காற்றுப்பை வேலை செய்யவில்லை என்று காட்டும் விளக்கை, வயரை வெட்டி அணைத்து வைத்திருந்தார்கள். இது சரியில்லை என்றால் அதுதான் கதி என்று புனிதவதி சொல்லியிருந்தாள். வெள்ளை வண்டிக்காரன் இன்று ஐந்து மணிவரைதான் காத்திருப்பான்.

"ஓடிப் பாப்பம், ஐயா."

பழனியாண்டி வழக்கம்போல் முன்னால் இடது பக்கக் கதவைத் திறந்தார். செல்லசாமி வேகமாக வந்து கதவைப் பிடித்துக்கொண்டார்.

"அதுல வேணாம் தம்பி. பின்னால ஏறுங்க. அம்மா, நீங்களும்."

அப்படியே இரண்டு பேரும் பின்னால் பாலிதீன் சரசரக்க உட்கார்ந்தார்கள். வண்டி நன்றாகத்தான் ஓடியது. பிரேக் பிடித்தது, ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கவில்லை. ஹைபிரிட் பேட்டரியின் அளவு மட்டும் ஏற்றத்தில் சட்டென்று இறங்கியது. முன் இடது சீட்டு காலியாகவே முன்னால் போய்க்கொண்டிருந்தது.

முற்றத்துக்குத் திரும்பியதும் செல்லசாமி கேட்டார். "எப்பிடிங்கம்மா?"

"ஒரு அவசரமும் இல்லை ஐயா. வடிவாப் பாத்திட்டுத்தான் சொல்லுவன்."

அவர் கையிலிருந்து சாவி விழுந்தது. குனிந்து எடுத்தவர் நிமிர நேரம் பிடித்தது. நிமிர்ந்த பிறகும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பதினாறு வருடத்தில் பல பொய்யர்களைப் பார்த்தவள் நிரூபா. நன்றாகப் பார்க்கிறேன் என்று சொன்னதற்கே சாவியை விடுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறாள்.

தொலைபேசிக்கு அலை கிடைக்கவில்லை. வளைவுக்குக் கீழே தகரக் கொட்டகை அருகே போனால் கிடைக்கும் என்றார் செல்லசாமி. அவள் தனியாக இறங்கி நடந்தாள். எதிரே ஒரு பெண் மாட்டுக்குப் புல்லுக்கட்டு சுமந்து ஏறி வந்தாள். பெயர் காளியாயி என்றாள், தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள்.

"அக்கா, மேல அந்தச் சாம்பல் வாகனம் எவ்வளவு காலமா நிக்குது?"

"அந்தப் பெரட்டு வண்டிங்களா? ரெண்டு வருசம் இருக்கும்ங்க. அம்மா செத்த மாசத்துல இருந்துதான் அது பெரட்டு வண்டி ஆச்சு."

"எந்த அம்மா?"

"கண்டாக்கையா சம்சாரம்தாங்க. பாவம், தங்கமான மனுசி." கீழே லயத்து வீடுகளின் பக்கமிருந்து கன்று கத்தியது. "இந்தா வர்றேன்டி" என்று அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே காளியாயி குறுக்குப் பாதையில் இறங்கிவிட்டாள்.

நிரூபா நின்ற இடத்திலேயே நின்றாள். அவள் ஊரில் வாகனத்தைப் பிரட்டுவது என்றால் கவிழ்ப்பது. கேட்ட கேள்விக்கெல்லாம் விடை வரிசையாக வந்து நின்றது. வண்டி தேயிலைக்குள் கவிழ்ந்திருக்கிறது, அதனால் இடுக்கில் கொழுந்து, கூரையில் கீறல். மனைவி இடது சீட்டில் செத்திருக்கிறாள், அதனால் புது கவர், யாரும் உட்காரக் கூடாது. மாதக்கணக்கில் கராஜில் கிடந்ததால் மீட்டர் ஓடவில்லை. சாவி விழுந்ததற்கும் காரணம் கிடைத்தது.

புனிதவதிக்குக் குரல் பதிவு அனுப்பினாள். "புனிதா, இது வேண்டாம். ஒருக்கா பிரண்ட வாகனம். உள்ளுக்கு ஆளும் செத்திருக்கு."

மேலே வந்து செல்லசாமியிடம் சொன்னாள். "சரிவராது, ஐயா. ஏன் எண்டு உங்களுக்கே தெரியும்."

அவர் தலை குனிந்தது. "யாருங்கம்மா சொன்னா?"

"வழியில கேள்விப்பட்டன்."

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். நான்தான் வெக்கப்பட்டுக்கிட்டு சொல்லல." சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். கதவு சாத்தும் சத்தம் மெதுவாகத்தான் கேட்டது.

ஆட்டோ இறங்கத் தொடங்கியது. நிரூபாவுக்கு ஒன்று இடித்தது. வெட்கப்பட்டு என்றாரே. மனைவி செத்த விபத்தை மறைக்கிறவன் பயந்து சொல்லவில்லை என்பான். வெட்கம் எங்கிருந்து வந்தது?

"அந்த வாகனம் பிரண்டது, அண்ணை" என்றாள் கடைசியில். "மனுசி அதுக்குள்ளதான் செத்திருக்கிறா."

பழனியாண்டி ஆட்டோவை ஓரம் கட்டினார். "கவுந்த வண்டியா? அதுவா? நான் ரெண்டு தடவ ஆட்டோவோட கவுந்தவன். அந்த அனுபவத்துல சொல்றேன், அது கவுந்த வண்டி இல்லீங்க."

"கூரையில கீறல் இருக்கே." படத்தை நீட்டினாள்.

அவர் கண்ணாடியை மூக்குநுனிக்குத் தள்ளிக்கொண்டு பார்த்தார். "கவுந்த கீறல்னா கண்டபடி இழுத்துக்கிட்டுல்ல போகும், தகரமும் நெளியும். இத பாருங்க. எல்லாம் ஒரே நீளம், ஒரே பக்கம், கைக்கு எட்டுற எடத்துல மட்டும். பெரட்டுல ஆள் நிக்கிற மாதிரி வரிசையால்ல நிக்குது!"

நிரூபா படாரென்று நிமிர்ந்தாள். "இப்ப என்ன சொன்னனீங்கள்?"

"கைக்கு எட்டுற எடத்துல…"

"அதுக்குப் பிறகு. பெரட்டில ஆக்கள் நிக்கிறதோ?"

"ஆமாங்க. பெரட்டு. காலையில வேலைக்குப் போக முந்தி எல்லாரும் ஒரு எடத்துல கூடி வரிசையா நின்னு பேர் குடுப்பாங்களே. தோட்டத்துல பொறந்த கோழிக்கும் தெரியுமே அது."

"அந்தப் பொம்பிளை 'பெரட்டு வண்டி' எண்டுதான் சொன்னவ."

பழனியாண்டி ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு ஹேண்டிலில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தார். "மெடம், மெடம்! ஒரு எழுத்த மாத்தி ஒரு வண்டியவே கவுத்துப்புட்டீங்களே!"

அவள் சிரிக்கவில்லை. அரை மணித்தியாலத்துக்கு முன் அனுப்பிய பதிவுக்குப் புனிதவதியின் பதில் வந்து கிடந்தது. "சரி அக்கா. அப்ப அந்த வெள்ளை வண்டியையே எடுக்கிறன். பஸ் ஏறிட்டன்." அழைத்தாள். அலை இல்லை. மணி நாலு பத்து.

"திருப்புங்கோ அண்ணை. அந்தக் கொட்டகைக்கு. கெதியா!"

ஆட்டோ முனகிக்கொண்டு ஏறியது. தகரக் கொட்டகைக்கு முன்னால் மண் களம் ஒன்று வெறுமையாகக் கிடந்தது. முதலில் இறங்கி நடந்தபோதும் அதைப் பார்த்திருந்தாள். என்ன இடம் என்று கேட்கத் தோன்றவில்லை. களத்தின் ஓரத்தில் இரண்டு டயர் பள்ளம், ஒரே இடத்தில் நின்று நின்று பதிந்தது. சுற்றிலும் புதுப்புல் முளைத்திருந்தது. மாட்டைக் கட்டிக்கொண்டிருந்த காளியாயி இவர்களைக் கண்டு வந்தாள்.

"அக்கா, ஏன் அதைப் பெரட்டு வண்டி எண்டனீங்கள்?"

"பெரட்டுக்கு வர்ற வண்டிய வேற என்னன்னு சொல்றதுங்க? அம்மா காய்ச்சல்ல போயிட்டாங்க. வீட்டுல தனியா இருக்க முடியல போல. காலையில ஆறேகாலுக்கு இந்தா, இந்த எடத்துல வந்து நிப்பாட்டிக்குவாரு. எறங்க மாட்டாரு. கதவ மட்டும் தெறந்து வச்சிக்கிட்டு நாங்க பேர் குடுக்குறத பாத்துக்கிட்டிருப்பாரு. தேயிலைச் செடிய கவ்வாத்து வெட்டுற ஆளுக கத்திய வண்டி மேல வச்சிட்டு வெத்தல போடுவாங்க. ஒரு வார்த்த சொல்ல மாட்டாரு."

"கொழுந்து?" என்றாள் நிரூபா.

காளியாயிக்குச் சிரிப்பு வந்தது. "அது நாங்க பொம்பளைங்க வெளாட்டு. ஒரு புடி கிள்ளி கண்ணாடிக்குக் கீழ வச்சிட்டு, 'நெறுத்துக்குங்க ஐயா'ன்னுட்டு ஓடிருவோம். கடைசி ஆள் மலைக்கு ஏறின பொறகுதான் திரும்பிப் போவாரு."

வீட்டிலிருந்து களத்துக்கு முக்கால் கிலோமீட்டர். போக வர ஒன்றரை. இரண்டு வருடம். மீட்டரின் ஆயிரத்து நூறு எங்கே ஓடியது என்று நிரூபா கணக்குப் போட்டுப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

"இப்பவும் வாறவரோ?"

"இப்ப எங்கங்க பெரட்டு? மலைய ஆளுக்குக் கொஞ்சமா பிரிச்சுக் குடுத்துட்டாங்க. அவங்கவங்க நேரத்துக்கு அவங்கவங்க மலைக்குப் போயிக்கிறோம். போன மாசத்துல இருந்து இங்க ஆரும் கூடுறதில்ல. மொத நாலஞ்சு நாள் அப்பயும் வந்தாரு. ஆளே இல்லாத எடத்துல கதவத் தெறந்து வச்சிக்கிட்டு உக்காந்திருந்தாரு. நான் பாத்துட்டு அழுதுட்டேன். பொறகு வரல. வண்டிய விக்கப் போறாருன்னாங்க."

பழனியாண்டி ஏதோ சொல்ல வாயைத் திறந்து, சொல்லாமல் மூடிக்கொண்டார். அவரை அப்படி நிரூபா பார்த்ததே இல்லை.

புனிதவதியை அழைத்தாள். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. மணி நாலு நாற்பது. நான்காம் தடவை குரல் வந்தது.

"அக்கா, ஹட்டனிலதான் நிக்கிறன். இப்பதான் கையெழுத்து வைக்கப் போறன்…"

"பேனையைக் கீழ வையும்!"

"என்னக்கா?"

"அந்த வாகனம் பிரளேல்ல, நான்தான் பிரண்டு போனன். ஒரு சொல்லைப் பிழையா விளங்கிட்டன். சாம்பல் வாகனத்தில ஒரு பிழையும் இல்லை. கிட்டக்கிட்ட ஓடி பேட்டரி களைச்சிருக்கு, அவ்வளவுதான். அதைத் திருத்தலாம். வெள்ளையை விட்டிட்டு வெளிய வாரும்."

பஸ் ஸ்டாண்ட் இரைச்சல் கூடிக் கேட்டது. பிறகு புனிதவதி மூக்கை உறிஞ்சினாள். "வெளிய வந்திட்டன் அக்கா. எனக்கு அந்த வண்டியில கையெழுத்து வைக்கப் பயமாத்தான் இருந்தது. ஆரிட்டைச் சொல்லுறது எண்டு தெரியேல்ல."

செல்லசாமி வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் எழுந்தார். நிரூபா மன்னிப்பை நேராகவே கேட்டாள். என்ன விளங்கிக்கொண்டாள், யாரிடம் என்ன சொன்னாள் என்று ஒன்றையும் ஒளிக்கவில்லை.

"கவுந்த வண்டின்னு நெனச்சீங்களா?" அவர் முதல்முறையாகச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "நான் என்னமோ, ரிட்டயரானவன் வேல வெட்டி இல்லாம பெரட்டுல போய் உக்காந்திருக்கான், இவன் வண்டிய எதுக்கு வாங்கணும்னு நெனச்சிட்டீங்களோன்னு… வெளியாளுககிட்ட இத எப்பிடிங்கம்மா சொல்றது? அதான் பழைய கீறல்னேன். இப்ப பெரட்டே இல்ல. பெரட்டு வண்டி மட்டும் எதுக்கு?"

"முன் சீட்டு?" என்று பழனியாண்டி மெதுவாகக் கேட்டார்.

"பையன் துபாயில இருக்கான். அம்மாவக் கூட்டிக்கிட்டு ஊரெல்லாம் சுத்துங்கன்னு சொல்லி கொழும்புல வாங்கி அனுப்பினான். வண்டி வந்தன்னிக்கு அவ ஆஸ்பத்திரில. வந்து ஏறுவான்னுதான் பாலிதீன கழட்டாம வச்சிருந்தேன். ஏறவே இல்ல." கையிலிருந்த சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அவ பேரு சண்முகவடிவு. நான் வடிவும்பேன். நீங்க 'வடிவாப் பாக்குறேன்'னீங்க பாருங்க. எங்க ஊர்ல நாங்க அப்பிடிச் சொல்றதில்லங்கம்மா. இந்த வீட்டு முத்தத்துல அந்தப் பேர இன்னொருத்தர் வாயால கேட்டு ரெண்டு வருசம் ஆச்சு."

சாவி விழுந்ததைக் குற்றவாளியின் நடுக்கம் என்று மனதுக்குள் குறித்துவைத்தவள் நிரூபாதான்.

"வாங்கப் போற ரீச்சர் பிள்ளைத்தாச்சி. நாளைக்குக் காலமை பாக்க வருவா, ஐயா. நோர்வூட்டில இருந்து பஸ்ஸில."

"மாசமான பொண்ணு பஸ்ஸுல எதுக்கு வரணும்? நானே வண்டியக் கொண்டாந்து காட்டுறேன். ஆறேகாலுக்கு கௌம்பிருவேன். நமக்கு அந்த நேரத்துக்கு எப்பிடியும் முழிப்பு வந்துரும்."

சொல்லிவிட்டு வண்டியருகே போனார். இடது பக்கக் கதவைத் திறந்து கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பாலிதீனை ஒரு மூலையிலிருந்து பிடித்து, கிழியாமல், மெதுவாக உரித்தெடுத்தார். அதை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"இருட்டப் போகுது. தேத்தண்ணி போடட்டுமா, இல்ல அவசரமா போகணுமா?"

பழனியாண்டி ஆட்டோ சாவியைப் பையில் போட்டார். நிரூபா வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"ஒரு அவசரமும் இல்லை ஐயா. வடிவா இருந்து குடிச்சிட்டுத்தான் போவம்."

இந்த முறை சாவி அவர் கையிலேயே இருந்தது.